டிரை ரன், ரன்னிங் கண்டிஷன், ரன் அவுட்: இந்த 'ரன்' எங்கிருந்து புறப்பட்டது?

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி)
ஜூன் 3, இரவு 8:50

போன வாரம் எங்கள் போர் மோட்டார் கருகிவிட்டது. கோடையில் தண்ணீர் மட்டம் கீழே போயிருந்ததைக் கவனிக்கவில்லை. ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் குழாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை, பேனல் பெட்டியைத் திறந்தால் காந்தல் நாற்றம். மெக்கானிக் வந்து மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்தார். ஒரே வரிதான் சொன்னார்: "ஐயா, டிரை ரன் ஆயிடுச்சு." காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்குச் சாயங்காலமே பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "தாத்தா, நாளைக்கு லேபுக்கு டிரை ரன் பண்ணிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள். எனக்குத் திக்கென்றது. அப்புறம் அவளே விளக்கினாள். புரோகிராமைக் கணினியில் ஓட விடுவதற்கு முன்னால் தாளில் ஒவ்வொரு வரியாகப் போட்டு, எந்த இடத்தில் என்ன எண் வருகிறது என்று கையால் எழுதிப் பார்க்க வேண்டுமாம். எனக்கு மோட்டாரைக் கொன்ற அதே வார்த்தை அவளுக்கு வீட்டுப்பாடம்!

அன்றிலிருந்து காதில் 'ரன்' விழுந்துகொண்டே இருக்கிறது. பழைய டிராக்டர் விளம்பரத்தில் 'ரன்னிங் கண்டிஷன்'. கிரிக்கெட்டில் ரன், ரன் அவுட். "ரன்னிங்கில் ஏறாதீங்க" என்று கண்டக்டர் சத்தம் போடுகிறார். மன்னார்குடியில் யாரோ ஹோட்டல் 'ரன் பண்ணுகிறார்'. ஒரு சொல் இத்தனை சுமக்குமா? இது எங்கே தொடங்கியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசை.

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 3, இரவு 9:35

ஐயா, 33 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள வினைச்சொல் இதுதான் என்று இப்போது சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் முன்பெல்லாம் 'செட்' என்ற சொல்லுக்குத்தான் அந்தப் பெருமை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் வினைப்பொருள்கள் மட்டும் 430 அளவுக்கு இருந்தன. பிறகு அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினையாக மட்டும் 645 பொருள் எடுத்தார். அது வெளியானது 2011இல்.

ஏன் முந்தியது என்றால், இயந்திரம் பெருகியதுதான் பெரிய காரணம். ரயில், தறி, இன்ஜின், கணினி என்று எது புதிதாக வந்தாலும் அது 'ரன்' ஆகியது. 'செட்' அந்த அளவுக்கு வளரவில்லை.

---

தலைமடை (திருக்காட்டுப்பள்ளி)
ஜூன் 3, இரவு 9:48

645ஆ! என் தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். ரன் இன்டூ, ரன் ஓவர், ரன் டவுன், ரன் அவுட் ஆஃப் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்து உருப்போடுகிறான். காலையில் படித்தது ராத்திரிக்குள் மறந்துபோகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா டீச்சர்?

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 3, இரவு 10:40

உண்டு தம்பி. தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நான் இதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கியது வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்துத்தான். அதற்கு முன்னால் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரின்னன்'. காலால் ஓடுவதற்கும் அதுதான், தண்ணீர் ஓடுவதற்கும் அதுதான். ஜெர்மன் மொழி இதன் சகோதரி. அங்கே 'ரின்னன்' என்றால் இன்றைக்கும் நீர் வழிந்து ஓடுவது. மனிதன் ஓடுவதற்கு 'ரென்னன்' என்று சற்றே மாறிய வடிவம். அந்த 'ரென்னன்' முதலில் 'ஓடச் செய்' என்ற பொருளில் பிறந்தது. அமெரிக்காவில் சில பகுதிகளில் சிறு ஓடைக்கே 'ரன்' என்று பெயர். 1861இல் அவர்களுடைய உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை வர்ஜீனியாவில் 'புல் ரன்' என்ற இடத்தில் நடந்தது. பள்ளியில் படித்தபோது அதை மாட்டு ஓட்டம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு ஓடையின் பெயர்.

தயிருக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? மேற்கத்தியர் பாலாடைக்கட்டி செய்யும்போது பாலைத் திரிக்க விடும் பொருளுக்கு 'ரென்னட்' என்று பெயர். அதுவும் இதே குடும்பம்தான். பால் ஓடிச் சேர்ந்து கட்டியாவதால் அந்தப் பெயர்.

இப்போது உங்கள் தம்பியின் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஓடுகிற தண்ணீர் என்ன செய்யும்? ஒன்றோடு ஒன்று முட்டும் (ரன் இன்டூ). வரம்பு மேலே ஏறி வழியும் (ரன் ஓவர்). தீர்ந்துபோகும் (ரன் அவுட்). ஒரு நேர்க்கோட்டில் நீளும், அதனால்தான் சாலையும் வேலியும்கூட 'ரன்' ஆகின்றன. நிற்காமல் போய்க்கொண்டிருக்கும், அதனால்தான் ஒப்பந்தமும் காய்ச்சலும் பேருந்தும். 645ஐயும் இந்த ஒரே வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை வந்துவிடும்.

இன்னொரு விசேஷம். பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' சொல்லுக்கு 'இர்னன்' என்றும் ஒரு வடிவம் இருந்தது. ரகரம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. 'பேர்ட்' என்று இன்று சொல்லும் பறவை அன்று 'பிரிட்'. 'மூன்றாவது' என்பதற்கான 'தேர்ட்' சொல்லிலும் இதே கதை.

---

கொள்ளிடக்கரை (சீர்காழி)
ஜூன் 4, காலை 6:20

அம்மா, அந்த எழுத்து இடமாற்றம் நம் மொழியில் தாராளமாக உண்டு. சதையும் தசையும், விசிறியும் சிவிறியும். இலக்கணப்போலி என்று நாங்கள் பாடம் நடத்துகிறோம். எங்கள் ஊர்ப் பாட்டிமார் குதிரையைக் 'குருதை' என்றும் மதுரையை 'மருதை' என்றும் சொல்வதும் இப்படித்தான். அது பிழை என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வருகிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஜெர்மன் ஜோடியைச் சொன்னீர்களே, ஒன்று தானாக ஓடுவது, மற்றது ஓடச் செய்வது. நமக்கு அது தன்வினை, பிறவினை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. நட, நடத்து. பழைய ஆங்கிலத்திலும் இந்த இரட்டை இருந்ததா?

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 4, காலை 7:05

இருந்தது ஐயா! தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஓட்டுவதற்கு 'அர்னன்'. குதிரையை ஓட்டிக்கொண்டு போவது இரண்டாவது. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதனால்தான் குதிரை ரன் ஆகிறது, குதிரையையும் ரன் செய்கிறார்கள். நம் மொழியில் இரண்டு சொல் செய்யும் வேலையை அங்கே ஒரு சொல் செய்கிறது. பொருள் எண்ணிக்கை ஏறிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

கொள்ளிடக்கரை (சீர்காழி)
ஜூன் 4, காலை 7:12

அப்படியானால் எண்ணிக்கையை வைத்து ஒரு சொல்லை வளமானது என்று சொல்லிவிட முடியாது. 'ஓடு' தனி, 'ஓட்டு' தனி என்று நாம் பிரித்து வைத்திருப்பதும் ஒரு வளம்தான்.

---

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி)
ஜூன் 4, மதியம் 1:30

காலையில் இதையெல்லாம் படித்துவிட்டு வயலுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் தண்ணீருக்கு நாம் என்ன வினை சொல்கிறோம் என்பதே யோசனையாக இருந்தது.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. "ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போவுது" என்றும் சொல்வோம். அதே தண்ணீர் மதகு தாண்டி வாய்க்காலில் இறங்கி மடையைத் திறந்துவிட்டால் வயலுக்குள் பாய்கிறது. வயலில் யாரும் "தண்ணி ஓடுது" என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் எங்கேயோ வரப்பு உடைந்துவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நண்டு வளை போட்ட இடத்தில் கசிகிறது. மழை நாளில் மிஞ்சியது வடிகிறது, அதற்கு வடிகால். கூரை ஒழுகுகிறது. குழாயில் வருகிறது. பானையில் வழிகிறது. அணையில் நிற்கிறது. கடைமடைக்கு எட்டுகிறது அல்லது எட்டவில்லை.

என் அப்பாவுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. வரப்பில் நின்றபடி காதால் கேட்டே தண்ணீர் 'ஓடுதா, பாயுதா' என்று சொல்லிவிடுவார். ஓடுகிற தண்ணீருக்குச் சலசலப்பு உண்டு. பாய்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போவதால் அதற்கு ஒரு அடங்கிய சத்தம், வறண்ட மண் காற்றை வெளியே விடும் பொடிப்பொடிச் சத்தம். நட்டு நடுராத்திரியில் முறை வரும்போது விளக்கு இல்லாமல் அந்தச் சத்தத்தை வைத்தே அடுத்த வயலுக்கு மாற்றி விடுவோம்.

ஆங்கிலத்தில் இவற்றில் பாதி 'ரன்' என்றுதான் போகும் போலிருக்கிறது. மூக்கு ஒழுகினாலும் ரன், சேலைச் சாயம் போனாலும் ரன், குழாயில் வந்தாலும் ரன். சரியா டீச்சர்?

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 4, மதியம் 2:15

அத்தனையும் சரி. இந்தப் பட்டியல் 33 வருடத்துக்கு முன்னால் என் கையில் கிடைத்திருந்தால் வகுப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

கொள்ளிடக்கரை (சீர்காழி)
ஜூன் 4, மாலை 4:00

அந்த 'ஒழுகு' என்ற சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை. கூரை ஒழுகுவதும் அதுதான், 'நல்லபடி ஒழுகு' என்று பிள்ளைக்குச் சொல்வதும் அதுதான். ஒழுக்கம் என்பது அதிலிருந்து வந்தது. இடையறாமல் ஒரே வழியில் செல்வது ஒழுகுதல், அப்படி வாழ்ந்தால் ஒழுக்கம்.

'ஓடு' சொல்லுக்கும் அப்படி ஒரு மேன்மை இருந்தது. இன்று கண்ணோட்டம் என்றால் ஒரு விஷயத்தைப் பார்க்கும் கோணம். "சமூகவியல் கண்ணோட்டத்தில்" என்று கட்டுரையில் எழுதுகிறோம். குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயரே கண்ணோட்டம்தான். அங்கே அதன் பொருள் இரக்கம். 'கண்ணோட்டத்து உள்ளது உலகியல்' என்றால் உலகம் இரக்கத்தால் நிற்கிறது என்பது. கண் ஒருவர்மேல் ஓடிச்சென்று அவர் துன்பத்தில் நிற்பது. அந்தப் பொருளை நாம் தவறவிட்டது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஆட்சிக்கு வருபவர்களிடம் 'கண்ணோட்டம் வேண்டும்' என்று பழைய பொருளில் கேட்கும் சொல் நம் கையில் இல்லாமல் போய்விட்டது.

---

தேரடி (திருவாரூர்)
ஜூன் 4, இரவு 7:45

ஓட்டம் என்றால் வேகம் என்று நினைத்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, எடை 300 டன். வடம் பிடித்துச் சில அடி நகர்ந்ததும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். பின்னாலிருந்து உந்துகிறார்கள், மறுபடி வடம், மறுபடி கட்டை. நான்கு வீதி சுற்றி நிலைக்கு வருவதற்குள் வெயில் ஏறி இறங்கிவிடும். ஆனாலும் அது தேரோட்டம்தான். தேர் 'நடக்கிறது' என்று ஒருவரும் சொல்வதில்லை. ஓட்டம் என்பது இங்கே தன் வழியில் தவறாமல் போவது. பஸ் 'ரன்' ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொல்வதும் அந்த அர்த்தத்தில்தான் போலிருக்கிறது. வழித்தடத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம், வேகம் அல்ல.

ஆறு பற்றிப் பேசுவதால் ஒரு வார்த்தை: எங்கள் ஊர் ஆற்றுக்கு ஓடம்போக்கி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஓடம் போன காலம் கண்ணுக்குள் வந்துவிடும்.

---

வெண்ணாற்றுக்காரன் (நீடாமங்கலம், இப்போது பெங்களூரு)
ஜூன் 4, இரவு 10:20

வணக்கம். நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவை 'ரன்' சொல்லும் ஆள்.

எங்கள் குழுவில் ஐந்து பேர் தமிழ். 'கோடு ரன் ஆகுதா?' என்று யாரும் முழுசாகக் கேட்பதில்லை. "ஓடுதா?" அவ்வளவுதான். ஓடவில்லை என்றால் "ஓட மாட்டேங்குது". கன்னட நண்பர்களும் ஓடுவதற்கு 'ஓடு' என்றே சொல்கிறார்கள், மலையாளத்தில் 'ஓடுக'. ஒரே குடும்பத்துச் சொல். நம்மோடு சேர்ந்து கன்னடத்துப் பையன் ஒருவனும் "ஓடல்லே" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நீடாமங்கலத்தில் இருப்பது போலவே இருக்கும்.

தமிழில் 'ஓடு' எடுத்துக்கொண்ட சில பொருள்களை ஆங்கிலத்தால் தொடவே முடியாது. "கையும் ஓடல, காலும் ஓடல" என்பதை எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன அன்று இங்கிருந்து ரயில் ஏறும்வரை எனக்கு அந்த நிலைதான். மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் விடுப்புக் கேட்டேன், சொன்ன எந்த வாக்கியத்திலும் என் நிலைமை இல்லை. அப்புறம் "இந்த மாசத்தை எப்படியோ ஓட்டிட்டோம்" என்கிறோமே, அது. மாதத்தை ஏர் மாடு மாதிரி ஓட்டுகிறோம். மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறோம். கூட்டாளிகளைக் கூடி உட்கார்ந்து 'ஓட்டுவது' வேறு.

---

ஆவண எழுத்தர் (மயிலாடுதுறை)
ஜூன் 5, காலை 8:30

நான் பத்திரம் எழுதுபவன். என் மேசையிலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, வியாபாரம். ஆங்கிலத்தில் கடையை 'ரன்' செய்கிறார்கள். நாம் நடத்துகிறோம். கல்யாணம், பள்ளிக்கூடம், கூட்டம், குடும்பம் எல்லாமே நமக்கு நடத்துவதுதான். அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம். தமிழில் ஒருவர் "கடையை ஓட்டுறேன்" என்று சொன்னால் உடனே புரிந்துவிடும், வியாபாரம் சரியில்லை, எப்படியோ சமாளிக்கிறார் என்று. கூட்டுப் பத்திரத்தில் 'நடத்தி வருகிற' என்றுதான் நாற்பது வருடமாக எழுதுகிறேன். 'ஓட்டி வருகிற' என்று எழுதினால் பங்குதாரர் பயந்துவிடுவார்.

இரண்டு, தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். இங்கிலாந்தில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்'. நம் ஊரில் எப்போதும் "யார் நிக்கிறா?" என்றுதான் கேள்வி. பஞ்சாயத்துத் தேர்தலில்கூட "நின்னு ஜெயிச்சாரு". ஊர் நடுவில் நிற்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். எனக்கு இந்த 'நிற்பது' மிகவும் பிடிக்கும்.

---

தலைமடை (திருக்காட்டுப்பள்ளி)
ஜூன் 5, காலை 9:10

நட என்பதிலிருந்துதானே நடவும் வந்தது? வயலில் பெண்கள் பின்னால் நடந்துகொண்டே நாற்றை ஊன்றுகிறார்களே.

---

கொள்ளிடக்கரை (சீர்காழி)
ஜூன் 5, காலை 9:40

இல்லை தம்பி. நடவு 'நடு' என்ற வினையிலிருந்து வந்தது. நாற்றை நட்டோம், நடுவோம். நடப்பது வேறு, நடந்தோம், நடப்போம். இறந்தகாலத்தை வைத்துப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும். நடுகல் என்பதும் அந்த நட்டு வைப்பதுதான்.

நடத்தல் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு 'ரன்' ஆகும். நம் சிலப்பதிகாரத்தில் காவிரி நடக்கிறாள். கானல்வரியில் 'நடந்தாய் வாழி காவேரி' என்று திரும்பத் திரும்ப வரும். வண்டு ஆர்க்க, பூ ஆடை போர்த்து, கயற்கண் விழித்து, அசைந்து நடந்து வருகிறாள். பாடுகிற இடம் புகார்க் கடற்கரை. கடலோடு சேரும் இடத்தில் ஆற்றுக்கு அவசரம் கிடையாது. தலைக்காவிரியிலிருந்து பாறையில் விழுந்தும் குதித்தும் வந்த தண்ணீர் இங்கே சமதரையில் அகன்று, வண்டல் இறக்கி, மெல்லப் போகிறது. குடகில் இருந்து பாடியிருந்தால் 'ஓடினாய்' என்று பாடியிருக்கலாம். டெல்டாக்காரனுக்குக் காவிரி நடந்துதான் வருவாள். இந்த வரியைப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குக் குரல் கம்மிவிடும்.

---

புகார் மைந்தன் (பூம்புகார்)
ஜூன் 5, காலை 11:00

அப்படியே யோசித்தால் ஆங்கில 'ரன்' கூட நம் 'ஓடு' என்பதிலிருந்து போயிருக்கலாமே? இரண்டுக்கும் தண்ணீர், ஓட்டம், இயந்திரம் எல்லாம் ஒத்துப்போகிறது. மூத்த மொழி நம்முடையது.

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 5, மதியம் 12:10

தம்பி, உங்கள் மொழிப்பற்று எனக்கும் உண்டு. ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. பொருள் ஒத்துப்போவதற்குக் காரணம் தண்ணீர் எல்லா ஊரிலும் ஓடுவதுதான். சொல் போனது என்று சொல்ல ஒலி பொருந்த வேண்டும், வழி தெரிய வேண்டும். 'ரின்னன்' வடிவம் ஜெர்மானிய மொழிகள் அத்தனையிலும் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. அது அவர்கள் வீட்டுச் சொல்.

நம்மிடமிருந்து உண்மையாகவே போன சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் பெருமையாகச் சொல்லுங்கள். கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுதண்ணீர் போயிருக்கிறது. முக்கியமாக 'அனிகட்'. அணைக்கட்டு என்ற சொல்லை வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கல்லணைக்கு கிராண்ட் அனிகட் என்று பெயர் வைத்தார்கள். ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கட்டிய மேலணை அப்பர் அனிகட். பாசனம் பற்றிய ஆங்கிலத்துக்கு நம் ஆற்றங்கரையே சொல் கொடுத்திருக்கிறது.

வாய்க்கால் என்று வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவை 'ரன்' அல்ல, லத்தீன் வழியாக வந்தவை. லத்தீனில் 'ரிவஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களுக்கு 'ரிவாலிஸ்' என்று பெயர். ரோமானியச் சட்டத்தில் தண்ணீர்த் தகராறு பற்றிய பகுதியில் இந்தச் சொல் இந்தப் பொருளிலேயே வருகிறது. அதுதான் இன்றைய 'ரைவல்', போட்டியாளர்! நம் பங்காளி என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். பங்கு உள்ளவர்தான் பங்காளி. ஆனால் 'பங்காளிச் சண்டை' என்றால் விளக்கமே தேவையில்லை. ரோமிலும் தஞ்சாவூரிலும் ஒரே மடையில் நின்றவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

'டிரைவ்' என்ற வினை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறுவது, கணக்கில் சூத்திரம் வருவிப்பது. வண்டி ஓட்டுவது அல்ல, அது வேறு சொல். இதற்கும் மூலம் அந்த ரிவஸ்தான். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரித்துக் கொண்டுபோவது அதன் முதல் பொருள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று நாம் மூன்று நாளாகப் பேசுகிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் பயன்படுத்தும் வினையே வாய்க்கால் வெட்டுகிற வேலை.

கடைசியாக 'அரைவ்', வந்து சேர்வது. லத்தீனில் 'ரிபா' என்றால் கரை. கரைக்கு வந்து சேர்வது, கப்பலிலிருந்து கரையேறுவது அதன் பழைய பொருள். 'ரிவர்' என்ற சொல்லும் இந்தக் கரையிலிருந்துதான் வந்தது, மேலே சொன்ன ரிவஸ் வாய்க்காலிலிருந்து அல்ல. படிக்கும் பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள்.

---

புகார் மைந்தன் (பூம்புகார்)
ஜூன் 5, மதியம் 12:25

சரி டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன். அனிகட் விஷயம் தெரியாது. நாங்கள் கடலுக்குப் போய் வந்தால் "கரை சேர்ந்துட்டியா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அரைவ் என்பதும் அதுவே என்றால் இனி மறக்காது.

---

ஆவண எழுத்தர் (மயிலாடுதுறை)
ஜூன் 5, மதியம் 1:05

வாய்க்கால் பங்காளி பற்றி. நான் எழுதும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தைப் பிரிப்பது சுலபம். 'மாமூல் பாய்ச்சல் வாரி, வடிகால் பாத்தியம், வண்டிப்பாதை' என்ற வரியில் வந்துதான் அண்ணன் தம்பி இருவரும் பேனாவைக் கீழே வைப்பார்கள். அந்த ஒரு வரிக்காக இரண்டு தடவை வந்து போனவர்கள் உண்டு.

---

தலைமடை (திருக்காட்டுப்பள்ளி)
ஜூன் 5, மாலை 6:30

தம்பி நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு வாய்க்கால் படம் போட்டு, அதிலிருந்து கிளை கிளையாக எழுதிக்கொண்டிருக்கிறான். ரன் டவுன் என்பதை எந்தக் கிளையில் போடுவது என்று கேட்கிறான். பேட்டரி இறங்கிப்போவது.

அப்புறம் கிரிக்கெட் ரன்? அதுவும் தண்ணீர்தானா?

---

அரசலாறு (கும்பகோணம்)
ஜூன் 5, மாலை 7:00

பேட்டரியை வற்றும் கிளையில் போடச் சொல்லுங்கள். கிரிக்கெட் காலால் ஓடுகிற ஓட்டம்தான், தண்ணீர் வேண்டாம். பழைய காலத்தில் அதற்கு 'நாட்ச்' என்று பெயர், கணக்கு வைப்பவர் குச்சியில் வெட்டு போட்டு எண்ணியதால். பிறகுதான் ரன் நிலைத்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஓட்டங்கள்' என்று அழகாக எழுதுகிறார்கள்.

---

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி)
ஜூன் 6, காலை 6:45

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். ரைவல் கதையை இரண்டு தடவை கேட்டாள். எங்கள் 'சி' வாய்க்காலில் எங்களோடு முறை போட்டுக்கொள்ளும் வீட்டுப் பெண்ணும் அவள் வகுப்புதான், முதல் ரேங்க்குக்கு இரண்டு பேருக்கும்தான் போட்டி. நாளைக்கே அவளிடம் சொல்லப் போகிறாளாம்.

ஒரு கேள்வி பாக்கி. அவளுடைய டிரை ரன்னுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்கிறாள். 'வறள் ஓட்டம்' என்று சொன்னேன். மோட்டார் ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றுவிட்டாள்.

---

தேரடி (திருவாரூர்)
ஜூன் 6, காலை 7:10

ஐயா, அதற்கு எங்கள் ஊரில் சொல் தயாராக இருக்கிறது. புதுத் தேர் செய்தாலோ பழைய தேரைப் பழுது பார்த்தாலோ, சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்போம். சக்கரம் எங்கே உராய்கிறது, அச்சு தாங்குகிறதா, திருப்பத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம்.

---

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி)
ஜூன் 6, இரவு 8:15

தாளின் தலைப்பில் 'வெள்ளோட்டம்' என்று எழுதி, கீழே நான்கு பத்தி போட்டுக் கோடு இழுத்திருக்கிறாள். ஏழாவது வரியில் எண் தப்பாக வருவதைக் கண்டுபிடித்துவிட்டாள். மோட்டார் காயில் கட்டி வந்துவிட்டது. தண்ணீர் வற்றினால் தானாக நிறுத்தும் கருவி ஒன்றும் பேனலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் எங்கள் கடைமடைக்கு வந்து சேர எப்படியும் நாளாகும். அதுவரைக்கும் நாற்றங்காலுக்கு இதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.